பச்சையாகக் காட்டிய தெரு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா இருக்கிறபடி இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத் தாளில் கேட்கிற காலம் வந்துவிட்டது, சிரிக்காதே. தபால் உறை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் எதற்கென்று கேட்டார். தம்பிக்குக் கடிதம் எழுத என்றேன். ஏன், உங்கள் வீட்டில் போன் இல்லையா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன் இருக்கிறது, டவர்தான் இல்லை. நெட்வொர்க்கை மேம்படுத்துகிறோம், சில வாரங்கள் தடங்கல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதுவும் நான் மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான் வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கோடுகூட நிற்பதில்லை. மாடிக்கு ஏறினால் குரல் வருகிறது, படம் வருவதில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குரலுக்காக அப்பாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்?

உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். அவருக்கு அப்படியில்லை. வலது கையும் காலும் வராமல் போய், பேச்சும் பாதியாகிவிட்ட பிறகு, சாயங்காலம் உன் முகம் போனில் வருவது ஒன்றுதான் அவருடைய பொழுது. நேரம் நெருங்கினால் இடது கையால் தலையைத் தானே கோதிக்கொள்வார். இப்போதும் கோதிக்கொள்கிறார். நான் போனைக் கொண்டுவருவேன் என்று வாசலையே பார்க்கிறார். நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல், கவனிக்காதவள்போல் உட்கார்ந்திருக்கிறேன். என்னால் வேறென்ன செய்ய முடியும், சொல்.

நீ அந்த வேலையிலேயே இருக்கிறாய். யாரிடமாவது சொல்லி எங்கள் தெருவைக் கொஞ்சம் பார்க்கச் சொல். அது முடியாவிட்டால் ஒரு நாள் நேரில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. அப்பா விழுந்ததிலிருந்து நீ அவரைப் போனில்தான் பார்த்திருக்கிறாய். குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. மனதில் இருந்தது, எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. வண்டியிலேயே தூங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் அறைக்கு வந்து சேர்ந்தது. என் பெயருக்குக் கடிதம் வந்ததைப் பார்த்து எங்கள் டிரைவர் அண்ணன் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். அக்கா கையெழுத்து என்று காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நீ நினைக்கிற மாதிரி நான் டவரில் ஏறுகிறவன் இல்லை, அக்கா. எத்தனை தடவை சொன்னாலும் நீ அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். என் வேலை வெறும் அளக்கிற வேலை. காரின் மேல் ஒரு ஆன்டெனா, உள்ளே ஸ்டாண்டில் வரிசையாகப் போன்கள், என் மடியில் லேப்டாப். டிரைவர் அண்ணன் தெருத்தெருவாக ஓட்டுவார். போன்கள் தாமாகவே எதையாவது இறக்கிக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருக்கும். வேகம் நன்றாக இருக்கிற இடம் வரைபடத்தில் பச்சையாகும், சுமாரென்றால் மஞ்சள், ஒன்றுமில்லையென்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்து டவர்காரர்கள் சரிசெய்வார்கள். நான் அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன்.

இப்போது பழைய கருவிகளைக் கழற்றிப் புதிதாக மாட்டுகிறார்கள். மாட்டி முடிக்கும்வரை ஒரு டவரின் பாரத்தைப் பக்கத்து டவர் சுமக்கும். அதனால்தான் உனக்கு இந்தப் பாடு. முடிந்துவிட்டால் நம் வீட்டில் படம் கண்ணாடிபோல் வரும், பார்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. அப்பாவின் கட்டில் உள் அறையில்தானே இருக்கிறது? அந்த அறைக்கு நாலு பக்கமும் சுவர். தெருப்பக்கம் ஜன்னல் உள்ள முன் அறைக்கு மாற்றிவிடு. அங்கே கிடைக்கலாம்.

வரச் சொல்கிறாய். வரத்தான் ஆசை. எங்கள் வண்டி ஊரின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. விடிந்தால் கிளம்புகிறோம், வந்து விழுகிறோம். நம் பக்கம் வேலை வரும்போது முதல் ஆளாக வந்து நிற்பேன். அப்பாவிடம் சொல்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே கட்டிலை முன் அறைக்கு மாற்றிவிட்டேன். நானும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் பிடித்து நகர்த்தினோம். என் மெஷின் உள் அறைக்குப் போய்விட்டது. வெளிச்சம் போதவில்லை, ஊசியில் நூல் கோக்க ஜன்னலுக்கு ஓடி வருகிறேன். போகட்டும். அப்பாவுக்குத் தெரு கிடைத்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். எத்தனை வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். நெரிசலில் யார் டிக்கெட் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வாரே, அந்தக் கண் இன்னும் இருக்கிறது. எதிர் வீட்டுக்குப் பால் போடுகிறவர் மாறிவிட்டார் என்பதை எனக்கே அவர்தான் சொன்னார்.

ஆனால் டவர் கிடைக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு கோடு வருகிறது, உள்ளே இழுத்தால் போய்விடுகிறது. நான் கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் மழை பெய்கிறதா என்று கேட்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் மாடியிலிருந்து உங்கள் கம்பெனிக்குப் புகார் சொன்னேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். மேடம், சமீபத்தில் அளந்ததில் உங்கள் தெருவில் கவரேஜும் வேகமும் நன்றாக இருக்கின்றன, உங்கள் போனைச் சோதித்துப் பாருங்கள் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் வீட்டுக்குள் நின்று பொய் சொல்கிறேனாம், அவர்களுடைய வரைபடம் உண்மை சொல்கிறதாம். நீயும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தானே.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே நாள் ஓடிவிட்டது. போன வாரம் அப்பா கொஞ்சம் தடுமாறிவிட்டார். இல்லாத ஒருவரை ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொன்னார். யாரை என்று கேட்காதே. அங்கே யாருமில்லையப்பா என்றேன். பார்த்தேன் என்று அவர் சாதித்தார். ஒரு பகல் முழுக்க இதே பேச்சு. டாக்டரிடம் சொன்னேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படித் தோன்றும், நீங்கள் ஒத்துப்போகாதீர்கள், அப்படி யாரும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள் என்றார். தோன்றாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் பகலிலும் தூங்கிவிடுகிறார். எழுந்தாலும் முன்போல ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

என் தலையில் எல்லாம் விழுந்திருக்கிறது தம்பி. நீ போனிலும் இல்லை, நேரிலும் இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நான் மாலையில் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, சில நாள் அதுவும் இல்லை. நீ எடுப்பதில்லை. என்மேல் வருத்தமிருந்தால் நேராகத் திட்டிவிடு. உனக்கு இல்லாத உரிமையா? அதை விட்டு டவர் இல்லை, டவர் இல்லை என்று என் வேலையின் தலையில் ஏன் போடுகிறாய்?

அந்தப் பெண் உன்னிடம் சொன்னது உண்மை. நம் தெரு பச்சை. யாரோ ஒருவன் உட்கார்ந்த இடத்தில் வண்ணம் அடித்ததில்லை அது. திடீரென்று ரூட்டை மாற்றி நம் பகுதியை எங்கள் வண்டிக்குக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை காலையில் நானே அளந்தேன். மருந்துக்கடை முனையிலிருந்து தண்ணீர் டேங்க் வரைக்கும் ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. நம் வாசலுக்கு நேராக வேகம் எவ்வளவு வந்தது என்று டிரைவர் அண்ணனிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இதற்கு மேலும் இல்லை என்று நீ சொன்னால் நான் என்ன செய்வது? உன் போனைக் கடையில் கொடுத்துப் பார்.

அப்பாவுக்கு அப்படி ஆனது கேட்டுக் கஷ்டமாக இருக்கிறது. டாக்டர் சொன்னபடி செய். மாத்திரையை நிறுத்திவிடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை என்று எழுதியிருக்கிறாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்றைக்குக் காலையில் நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலைக் கையால் தட்டினார். ஓடி வந்தேன். அவர் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஜன்னலைக் காட்டி, "வந்துட்டான்" என்றார். யாரப்பா என்றேன். "தம்பி… கார்ல" என்றார். நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெரு காலியாகக் கிடந்தது. அவன் இல்லப்பா, வேற யாரோ என்றேன். அவர் விடவில்லை. வருவான், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருவான் என்று கையாலும் வாயாலும் சொன்னார். தலையைக் கோதிக்கொண்டார். சட்டையை மாற்றிவிடச் சொன்னார். மாற்றிவிட்டேன். இருட்டும்வரை சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

அதைத்தான் நான் டாக்டரிடம் நோய் என்று சொன்னேன். அதற்குத்தான் மாத்திரை. அவன் ஊரின் மறுகோடியில் இருக்கிறான், எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று உன் கடிதத்தையே எடுத்து அவர் முன்னால் படித்துக் காட்டினேன். தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்தது நிஜமில்லை, உங்களுக்குத் தோன்றியது என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் கோபப்பட்டார். பிறகு அழுதார். அப்புறம் ஒரு நாள் சரி என்று தலையாட்டிவிட்டார். என் புத்திதான் போய்விட்டது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது, தம்பி. குணமாகிறார் என்று நினைத்தேன்.

முகம் மறக்காத மனிதர். நாற்பது பேர் நிற்கிற பஸ்ஸில் தப்பாதவர், சொந்தப் பிள்ளையைப் பார்த்தா தப்பிவிடுவார்?

இப்போது நான் அவரிடம் என்ன சொல்வேன்? உங்கள் கண் சரிதான் அப்பா என்று சொன்னால், அப்படியென்றால் ஏன் இறங்கவில்லை என்று கேட்பார். சொல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் என்று நம்பிக்கொண்டே கிடப்பார். டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். மீதி உன் பாடு. நீ வந்து உன் வாயால் சொல். போனில் இல்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ரெக்கார்டு ஓடும்போது வண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்தத் தடம் முழுவதையும் மறுபடி ஓட்டவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் அதில்லை. தண்ணீர் டேங்குக்கு அப்பால் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும்.

ஜன்னலில் அவரைப் பார்த்தேன். நீ கட்டிலை மாற்றிவிட்டாய் என்று எனக்குத் தெரியாது. மாற்றச் சொன்னவனே நான்தான், ஆனாலும் எதிர்பார்க்கவில்லை. போனில் அவர் முகம் எப்போதும் கட்டம் கட்டமாக உடைந்துதான் வரும். உனக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். எனக்கு அது வசதியாக இருந்தது, அக்கா. அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் பழைய அப்பா இருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கம்பிக்குப் பின்னால் இருந்தது யார்? ஒரு பக்கம் இழுத்த வாயும், அவ்வளவு சின்னத் தலையுமாக. இடது கையைத் தூக்கினார். நான் லேப்டாப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். டிரைவர் அண்ணன், இது உங்க வீட்டுத் தெருதானே, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, நான் நிக்கறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

அவர் என்னைத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். நீ யாரை என்று கேட்காதே என்று எழுதியபோதும் எனக்கு உறைக்கவில்லை. கோபத்தில் வரைபடத்தைத் தூக்கி உன் முன்னால் போட்டுவிட்டேன்.

டவர் விஷயத்திலும் நீ சொன்னதுதான் சரி. நாங்கள் அளப்பது தெருவில், அதுவும் காரின் தலையில் மாட்டிய ஆன்டெனாவால். உங்கள் சுவருக்குள் என்ன வருகிறது என்பது எங்கள் கணக்கிலேயே கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். உன் வீட்டைப் பற்றி மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றும் வேலை உண்டு, நடுவில் கொஞ்ச நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. நானே சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அறைக்கு வந்ததிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்றே இருக்கிறேன். மனதிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது.

நீ வாசலில் கதவைத் திறந்து, உள்ளே போ, நான் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியபோது நானும் உன் பின்னாலேயே இரண்டடி வந்தேன். உன்னை நிறுத்தலாமா என்று பார்த்தேன். நீ செய்ததுதான் நல்லது. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் திறந்திருக்காது.

அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு மெல்லிய கையா என்று இருந்தது. அன்றைக்குக் காரில் போனது நான்தான் அப்பா, உங்கள் கண் பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் இறங்கத் தைரியம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். கிண்ணத்தில் நீ வைத்திருந்ததை ஊட்டினேன், முழுவதும் சாப்பிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்தபோதுகூடத் தடுக்கவில்லை. மன்னித்துவிட்டார். அவர் மனசு அவருக்குத்தான் வரும்.

நேரமாகிவிட்டதால் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. முனையில் உன்னைப் பார்த்தபோது வண்டிக்குள்ளிருந்து கை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. நம் பக்கத்து டவர் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். இனி வீட்டுக்குள்ளும் கிடைக்கும். என் வண்டியை அடுத்த பகுதிக்கு அனுப்புகிறார்கள், அது வெகுதூரம். ஆனாலும் இனி எனக்குப் பயமில்லை. சாயங்காலம் அப்பாவிடம் பேசுகிறேன்.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு மூன்று நாள் சும்மா வைத்திருந்தேன். நீ நிம்மதியாக இருக்கிறாய், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒருவர் கண்ணால் கண்டதை இல்லை என்று சொன்னவள் நான். மறுபடி ஒரு முறை இல்லாததை உண்டு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உன் டவரைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது பலித்துவிட்டது. முன் அறையில் எல்லாக் கோடும் நிற்கிறது, உள் அறையிலும் கிடைக்கிறது. நேற்று நீ கூப்பிட்டபோது உன் முகம் தெளிவாக இருந்தது, சவரம் செய்யாதது வரைக்கும் தெரிந்தது. அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன் அல்லவா? அவர் தூங்கவில்லை. உன் குரலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் வெளியே போனது தப்பு. நீங்கள் இருவரும் தனியாகப் பேசட்டும் என்று நினைத்தேன். நான் உள்ளே வந்து, உன்னை வா என்று சொல்லி, உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும். அவர் பார்க்க நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

நான் திரும்பி வந்தபோது அவர் முகம் நன்றாக இருந்தது. யார் வந்தா, அப்பா என்று கேட்டேன். யாரும் இல்லை என்று தலையாட்டினார். நான் விளையாடுகிறார் என்று நினைத்து, ஊட்டிவிட்டது யார் என்றேன். அவர் பயந்துவிட்டார், தம்பி. மாட்டிக்கொண்டவர்போல் முழித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா.

"மறுபடி… தோணுச்சு. இன்னிக்குப் பேசவும் செஞ்சான்" என்றார்.

நிஜமாவே வந்தான் அப்பா, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். சத்தியம் செய்தேன். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். என் மனம் நோகக் கூடாது என்று நீ சொல்கிறாய், சொல்லிக்கொள் என்பதுபோல் ஒரு சிரிப்பு. எத்தனை நாள் உட்கார்ந்து நானே சொல்லிக் கொடுத்த பாடம், அதை என்னாலேயே மாற்ற முடியவில்லை.

உன் வண்டி வெகுதூரம் போகிறது என்கிறாய். போனால் போகட்டும், திரும்பி வா. இந்த முறை நான் அறையை விட்டு நகரமாட்டேன். ஒரு நாள் வந்தால் போதாது, அவர் நம்புகிறவரை வரவேண்டும். முடியும் முடியாது என்று எனக்குப் பதில் எழுதாதே, வந்து நில்.

தட்டிக்கொடுத்த பிறகு அவர் என் கையை விடவில்லை. இன்னும் ஏதோ சொல்லவேண்டும் என்று வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"டாக்டர்ட்ட சொல்லாத. மாத்திரை குடுத்தா… அவன் வரமாட்டான்."

சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா